எதுலேருந்து எதுக்குடே?

மருமவனே, மருந்துக் கம்பெனியில ரெப் வேலை கிடைச்சிட்டுன்னு உங்கம்மா வந்து மிட்டாய் கொடுத்தா. சந்தோசம். கழுத்துல டை, தோள்ல பை, பைக்குள்ள வழுவழுன்னு அட்டை. உன்னை மாதிரிப் பயலுவ டாக்டர் மேசையில வச்சிட்டுப் போன அட்டையை எல்லாம், கூட்டமில்லாத நேரத்துல ஒரு எழுத்து விடாமப் படிச்ச கம்பவுண்டர் நான். தாய்மாமன் சீர்னு வச்சுக்கோ, காசு செலவில்லாம நாலு யோசனை சொல்லுதேன். கம்பெனி டிரெயினிங்ல இதைச் சொல்லித் தரமாட்டான். தந்தாலும் வேற பேரு வச்சிருப்பான்.

அந்தக் காலத்துத் தானிய வியாபாரிகிட்ட ரெண்டு படி இருக்கும். வாங்குறதுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணு. உன் தொழில்லயும் ரெண்டு படிதான். ஒண்ணு சதவீதம். இன்னொண்ணு தலைக்கணக்கு, அதாவது ஆயிரம் பேர்ல எத்தனை பேர்ங்கிறது. மருந்தோட நன்மையைச் சதவீதப் படியில அளந்து போடு. தீமையைத் தலைக்கணக்குல அள. ரெண்டுமே பொய் இல்ல பாரு, அதான் இதுல உள்ள அழகு. கோர்ட்டுக்குப் போனாலும் ஒருத்தன் உன்னைப் புடிக்க முடியாது.

சும்மா சொல்லலடே. பின்லாந்துல ஹெல்சிங்கி இதய ஆய்வுன்னு ஒண்ணு நடத்துனாங்க, 1987-ல முடிவு வந்துச்சு. ஜெம்ஃபைப்ரோசில்னு ஒரு கொலஸ்ட்ரால் மருந்து. 40-லேருந்து 55 வயசு ஆம்பளையாள்க 4,081 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, அஞ்சு வருசம். வெத்து மாத்திரை தின்னவங்கள்ல ஆயிரத்துக்கு 41 பேருக்கு மாரடைப்பு மாதிரி இருதயக் கோளாறு வந்துச்சு. மருந்து தின்னவங்கள்ல 27. இப்ப உன் அட்டையில என்ன போடுவே? ‘அஞ்சு வருசத்துல ஆயிரத்துக்கு 14 பேர் தப்பிச்சாங்க’ன்னு போட்டா டாக்டர் கொட்டாவி விடுவார். 41-ல 14 எவ்வளவு? 34 சதவீதம். அதைப் போடு. சிவப்பு எழுத்துல போடு, பக்கத்துல கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் போடு.

இதே கணக்கை இன்னொரு தினுசாவும் சொல்லலாம். 71 பேர் அஞ்சு வருசம் விடாம முழுங்கினா, அதுல ஒருத்தருக்கு வர இருந்தது வராமப் போகும். மிச்சம் 70 பேர் தின்னாலும் ஒண்ணுதான், தின்னாட்டியும் ஒண்ணுதான். இப்படி எண்ணுற முறையை 1988-ல லௌபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ்னு மூணு பேர் எழுதி வச்சாங்க. அந்த மூணு பேரையும் டாக்டர் முன்னால வாய் தவறிக்கூடச் சொல்லிராதே, வேலைக்கு ஆகாது.

அதே ஆய்வுல எல்லாச் சாவையும் சேர்த்து எண்ணினா மருந்துப் பக்கம் 45, வெத்து மாத்திரைப் பக்கம் 42. மூணு பேர் வித்தியாசம் தற்செயல்தான், மருந்து கொன்னுட்டுன்னு அர்த்தமில்ல. ஆனா உசுரைக் காப்பாத்துனதாவும் காட்ட முடியல. இதை எந்த டாக்டராவது கேட்டா, அந்த நேரம் பாத்து உனக்கு அவசரமா போன் வரணும்.

டாக்டருக்குப் படிச்சவருக்கு இது தெரியாதான்னு யோசிக்கே. 1994-ல சுவிட்சர்லாந்துல இதே பின்லாந்துக் கணக்கை டாக்டருங்ககிட்ட வேற வேற மாதிரி எழுதிக் கொடுத்துப் பாத்தாங்க. சதவீதமா வாசிச்சவங்க மருந்து எழுதுறதுக்கு முந்திக்கிட்டு நின்னாங்க. தலைக்கணக்கா வாசிச்சவங்க யோசிச்சாங்க. மருந்தும் அதேதான், நோயாளியும் அதேதான். அட்டைதான் வேற. உனக்கு ஏன் சம்பளம் தாரான்னு இப்ப விளங்குதா?

அமெரிக்கப் பத்திரிகையில லிப்பிட்டார் மாத்திரைக்கு ஒரு விளம்பரம் வந்துச்சு. மாரடைப்பு ஆபத்தை 36 சதவீதம் குறைக்கும்னு கொட்டை எழுத்து. எண்ணுக்குத் தலைமேல ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் இருந்தா எங்கியோ ஜாதகம் இருக்கும்லா? அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்துல இருந்துச்சு: வெத்து மாத்திரை தின்னவங்கள்ல 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, இந்த மாத்திரை தின்னவங்கள்ல 2 சதவீதம். மூணு ரெண்டாச்சுன்னா குறைஞ்சது ஒரே ஒரு சதவீதப் புள்ளி. மூணுல ஒண்ணு போச்சுன்னு பாத்தா முப்பத்துச் சொச்சம் சதவீதம். அவன் எதையும் ஒளிக்கல பாரு. கண்ணுக்கு எட்டாத இடத்துல வச்சான், அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரை எழுதுறவங்களுக்கு 2010-ல வந்த கன்சார்ட் விதிமுறை ரெண்டு படியிலயும் அளந்து போடுங்கன்னுதான் சொல்லுது. அட்டை அடிக்கிறவன் அதைப் படிச்ச மாதிரித் தெரியல.

ரெண்டு படியிலயும் அளந்தா என்ன வேடிக்கை நடக்கும்னு பாக்கணும்னா 2002-க்குப் போ. மாதவிடாய் நின்ன பொம்பளையாளுக்கு ஹார்மோன் மாத்திரை நல்லதா கெட்டதான்னு அமெரிக்காவுல 16,608 பேரை வச்சு நடத்துன ஆய்வு. பாதியில நிப்பாட்டிட்டாங்க. மார்புப் புத்துநோய் 26 சதவீதம் கூடிச்சு. இடுப்பெலும்பு முறியிறது 34 சதவீதம் குறைஞ்சது. இந்த ரெண்டை மட்டும் வச்சுப் பாத்தா எது பெருசு? குறைஞ்சதுதானேன்னு சொல்லுவே. தலையை எண்ணு. வருசத்துக்குப் பத்தாயிரம் பேர்ல புத்துநோய் 30-லேருந்து 38 ஆச்சு. எலும்பு முறிவு 15-லேருந்து 10 ஆச்சு. கூடினது 8, குறைஞ்சது 5. சதவீதத்துல நன்மை ஜெயிச்சுது, தலைக்கணக்குல தோத்துட்டு. பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர்தானேன்னு அதையும் தள்ளிராதே. அந்த மாத்திரையை லட்சக்கணக்கான பொம்பளையாள்க தின்னுக்கிட்டிருந்தாங்க, பெருக்கிப் பாரு.

சரி, நன்மையை ஊதுறதைச் சொல்லிட்டேன். தீமையைச் சதவீதப் படியில அளந்தா என்ன ஆகும்ங்கிறதையும் கேட்டுக்கோ. இந்த இடத்துல கேலி வேண்டாம்.

1995 அக்டோபர்ல இங்கிலாந்து மருந்துப் பாதுகாப்புக் கமிட்டி டாக்டர்களுக்கும் மருந்துக்கடைக்காரங்களுக்கும் அவசரக் கடிதம் போட்டுச்சு. புது ரகக் கருத்தடை மாத்திரையில, கால் ரத்தக்குழாயில ரத்தம் கட்டுற ஆபத்து பழைய ரகத்தைப் போல ரெண்டு மடங்குன்னு. டி.வி.யில, பேப்பர்ல எல்லாம் அதே பேச்சு. ரெண்டு மடங்குன்னா நூறு சதவீதம் கூடிட்டுன்னு அர்த்தம். எந்தப் பொம்பளைப்பிள்ளைதான் பயப்படாது? எதுலேருந்து எதுக்குக் கூடிச்சுன்னு கேட்டவங்க கொஞ்சம். பழைய ரகம் தின்ன 7,000 பேர்ல ஒருத்தருக்கு ரத்தம் கட்டும். புது ரகத்துல 7,000 பேருக்கு ரெண்டு பேர். கூடினது ஏழாயிரத்துக்கு ஒருத்தர்.

பயந்துபோய் பல பேர் மாத்திரையை அப்படியே நிப்பாட்டிட்டாங்க. வேற ஏற்பாடும் செய்யல. அடுத்த வருசம் இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்துதுன்னு கணக்குச் சொல்லுதாங்க. இதுல பெரிய கொடுமை என்னன்னா, கர்ப்பமா இருக்கிறப்ப ரத்தம் கட்டுற ஆபத்து அந்த மாத்திரையில உள்ளதைவிடக் கூடுதல். ரத்தம் கட்டிரும்னு பயந்து மாத்திரையை விட்டவ, அதைவிட ரத்தம் கட்டுற நிலைமையில போய் மாட்டிக்கிட்டா. கமிட்டி சொன்னது பொய்யான்னா, இல்ல. ரெண்டு மடங்குங்கிறது நெசம். பக்கத்துல ‘ஏழாயிரத்துக்கு’ன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா மை என்ன தீந்தா போயிருக்கும்?

இதைக் கேட்டதும் தலைக்கணக்குதான் சத்தியம், சதவீதம் எல்லாம் பித்தலாட்டம்னு கிளம்பிராதே. அப்படிக் கிளம்புனவங்களையும் நான் பாத்திருக்கேன். 2020 கடைசியில ஃபைசர் கொரோனா தடுப்பூசி முடிவு வந்துச்சு. 43,000-த்துச் சொச்சம் பேர். வெத்து ஊசி போட்டவங்கள்ல 162 பேருக்கு நோய், நெச ஊசி போட்டவங்கள்ல 8 பேருக்கு. 95 சதவீதம் குறைவு. உடனே ஒரு கூட்டம் தலையை எண்ணிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் நூத்துக்கு ஒருத்தர்கூட இல்ல, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்னு வாட்ஸ்அப்ல ஒரே சத்தம். ஏம்டே, அவங்க பாத்தது ரெண்டு மாசக் கணக்கு. ரெண்டு மாசத்துல எத்தனை பேருக்கு நோய் வந்திருக்குமோ அத்தனை பேருக்குத்தான் வந்துச்சு. நோய் ஊரெல்லாம் பரவப் பரவ அந்தத் தலைக்கணக்கு ஏறிக்கிட்டே போகும். 95-ங்கிறது ஊசியோட திறமை, நூத்துக்கு ஒண்ணுங்கிறது அந்த ரெண்டு மாசத்து நிலவரம். எத்தனை நாள் பாத்த கணக்குன்னு கேக்காதவன் எந்தப் படியில அளந்தாலும் ஏமாறுவான்.

இனிமே முன்னே பின்னே காட்டுற வித்தை. இது எனக்குக் கைவந்த கலை. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு சம்சாரி வருவார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயில்ல நடந்து, வாசல்ல ஒரு பீடி இழுத்து, உள்ள வந்து பெஞ்சுல காலைத் தொங்கப்போட்டு உக்காருவார். பாதரசப் பெட்டியைத் திறந்து, சட்டைக் கைக்கு மேலயே பட்டையைச் சுத்திக் காத்தடிச்சா, அந்த நேரம் பாத்து வரப்புத் தகராறுல பங்காளி என்ன சொன்னான்னு கதை ஆரம்பிச்சிருவார். பாதரசம் 170-ல நிக்கும். டாக்டரம்மா என்னை ஒரு முறை முறைப்பாங்க. ஒரு சொம்புத் தண்ணி கொடுத்து, கொஞ்ச நேரம் உக்கார வச்சு, பாதம் தரையில படியிற மாதிரி நாற்காலியில சாச்சு, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசை மேல வச்சு, சட்டையைச் சுருட்டி, வாயை மூடச் சொல்லி மறுபடி பாத்தா 150. இருபது புள்ளி இறங்கிட்டு! என் சொம்புத் தண்ணிக்கு நான் ஒரு அட்டை அடிச்சிருக்கலாம்.

வேற கோளாறு ஒண்ணு இல்லாட்டியும், கூடுதலாக் காட்டுனவங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி அளந்தா, கூட்டத்தோட கணக்கு தானா இறங்கும். அன்னைக்குத் தற்செயலா ஏறியிருந்தவங்களும் அதுல இருப்பாங்கல்லா? ரொம்ப உசரமான அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்த பிள்ளைங்க சராசரிப் பக்கமாச் சாஞ்சு நிக்கிறதை கால்டன்ங்கிற வெள்ளைக்காரர் 1886-லயே எழுதி வச்சிட்டார். இந்தக் குழப்பத்துக்காகத்தான் பக்கத்துலயே வெத்து மாத்திரைக் கூட்டம் ஒண்ணை வச்சு, ரெண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாக்காங்க. அதனால உன் அட்டையில வெத்து மாத்திரைக் கோட்டை அழிச்சிரு. முன்னாடி 170, பின்னாடி 150ன்னு ரெண்டு கம்பம் மட்டும் நிறுத்து. ஜோராப் போகும்.

குறைக்கிறதுக்கு இப்படின்னா, ஒரு வியாதியைக் கூட்டுறதுக்கு மருந்துகூட வேண்டாம், தேடினாப் போதும். தென்கொரியாவுல 1999-லேருந்து அரசாங்கமே கேன்சர் பரிசோதனைத் திட்டம் நடத்துச்சு. தைராய்டு அதுல கிடையாது. ஆனா கொஞ்சம் காசு கூடக் கொடுத்தா கழுத்துலயும் ஸ்கேன் கருவியை ஒரு ஓட்டு ஓட்டிருவாங்க. 2011-ல தைராய்டு கேன்சர் கண்டுபிடிச்ச விகிதம் 1993-ல இருந்ததைப் போல 15 மடங்கு! ஒரே வருசத்துல 40,000 பேருக்கு மேல. தண்ணியில விசமா, காத்துல விசமான்னு பதறணும்லா? செத்தவங்களை எண்ணிப் பாத்தா வருசத்துக்கு முந்நூறு, நானூறு பேர், போட்ட இடத்துல போட்ட மாதிரி. வியாதி கூடல, பாக்கிற கண்ணுதான் கூடிச்சு. சும்மா கிடந்திருக்கும், ஆளைத் தொந்தரவு பண்ணாமலே கூட வந்திருக்கும், அந்தக் கடுகளவுக் கட்டியைத் தோண்டியெடுத்துட்டு எத்தனையோ பேர் ஆயுசுக்கும் ஹார்மோன் மாத்திரை தின்னாங்க. சிலருக்குக் குரல் நரம்பு அடிபட்டுத் தொண்டையே மாறிப்போச்சு. கடைசியில 2014-ல அந்த ஊர் டாக்டர்களே சில பேர் சேர்ந்து வேண்டாம்னு சத்தம் போட்டாங்க. ஆபரேசன் மளமளன்னு குறைஞ்சுது.

உங்கம்மா இன்னொரு விசயமும் சொன்னா. போன வருசம் நீ இருந்த பழைய கம்பெனியில வியாபாரம் டல்லுன்னு எல்லாருக்கும் சம்பளத்துல 20 சதவீதம் கழிச்சாங்களாம். இந்த வருசம் அதே 20 சதவீதத்தைக் கூட்டித் திருப்பிக் கொடுத்துட்டாங்களாம், கணக்கு நேராயிட்டு, ரொம்ப நியாயமான முதலாளின்னு நீயே சொன்னியாம். அப்புறம்தான் வேலையை விட்டியாம். ஏலே, உன் சம்பளம் 25,000. இருபது கழிச்சா 20,000. அந்த 20,000-த்துக்கு மேல இருபது போட்டா 24,000. மாசா மாசம் அந்த ஆயிரம் ரூவா எங்கடே போச்சு?