கற்பித்தல் பணி – இன்மை அறிக்கை அனுப்புதல் – சார்பு

அனுப்புநர்:
தலைமை ஆசிரியர் (கூடுதல் பொறுப்பு: எழுத்தர், கணினி இயக்குபவர், புகைப்படக்காரர்),
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மேலிடம் அவர்கள்,
உரிய வழியாக.

பார்வை:
1. தங்கள் வாட்ஸ்அப் செய்தி, பிற்பகல் 2.40 மணி.
2. மேற்படி செய்திக்கான நினைவூட்டு, பிற்பகல் 2.55 மணி.
3. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009.

ஐயா / அம்மையீர்,

பார்வை 1இல் கண்ட செய்தியில், "விவரத்தை இன்று மாலை 3 மணிக்குள் அனுப்புக, விவரம் ஏதுமில்லை எனில் இன்மை அறிக்கை அனுப்புக" எனப் பணிக்கப்பட்டுள்ளது. அதன்படி, எங்கள் பள்ளியில் இன்றைய கற்பித்தல் விவரம் 'இன்மை' எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். காரணங்கள் வருமாறு.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று பார்வை 3இல் கண்ட சட்டத்தின் அட்டவணையே சொல்வதால், ஐந்து வகுப்புகளை இருவர் பார்ப்பதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. அதே அட்டவணை தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. பதிவேற்றத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத மறந்துவிட்டார்கள். அந்தக் குறையை மேலிடம் முழுமையாக நிவர்த்தி செய்துவிட்டது.

பிரேயர் முடிந்ததும் வருகைப் பதிவு. பதிவேட்டில் ஒரு முறை, செயலியில் ஒரு முறை. சிக்னல் சமையற்கூடத்தின் பின்சுவர் ஓரமாகத்தான் கிடைக்கும். போன் என்னுடையது, டேட்டா என் சம்பளத்தில் போட்டது. ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் எல்லாம் மாநில அரசின் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் அவற்றையே தன் பங்குக்குக் கேட்கிறது. இரண்டிலும் இருப்பதை எக்செல் தாளில் கேட்கிறார்கள். பிறகு கூகுள் படிவத்தில். பிறகு "கையொப்பமிட்டு இரு நகல்களில் நேரில்". அனுப்பாத பள்ளிகளின் பட்டியல் சிவப்பு எழுத்தில் வாட்ஸ்அப் குழுவில் வரும். அதன் கீழே எல்லோரும் "நன்றி சார்" போடுவோம்.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது வகுப்பறை அறிந்தவர்கள் யோசித்த வழி. என் மூன்றாம் வகுப்பில் ஒருத்தி மொட்டிலிருந்து மலருக்கு வந்துவிட்டாள். கதைப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிறாள். ஆனால் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செயலி ஏற்றுக்கொள்ளும்வரை அவள் மொட்டுதான்.

அடுத்து, புகைப்படம். உறுதிமொழி எடுத்தால் படம், கை கழுவினால் படம், மரக்கன்று நட்டால் படம். இப்போது நான் போனை வெளியே எடுத்தாலே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து வலது கையை நீட்டிவிடுகிறார்கள். எதற்கு எதிரான உறுதிமொழி என்று கேட்பதுகூட இல்லை. அரசு ஊழியருக்குரிய பயிற்சி அவர்களுக்கு ஆறு வயதிலேயே கிடைத்துவிட்டது.

பெண் பிள்ளைகள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்த விவரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அது வந்து சேரும் மாதமும், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதும் மேலிடத்தின் சித்தம். வந்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, இணையவழிப் பணப் பரிமாற்றம், முன்–பின் புகைப்படம். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்காரர், "ஒரு தாழ்ப்பாளுக்கு விலைப்புள்ளியா டீச்சர்? சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார். இலவசமாக வாங்கினால் நன்கொடைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமே என்று பயந்து, என் பணத்தைக் கொடுத்து வாங்கி மாட்டினேன். 'முன்' படம் எடுக்கத் தவறிவிட்டேன். விளக்கம் கோரினால் சமர்ப்பிக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரை வேறு பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. வரும் படிவம் ஒவ்வொன்றும் 'மிக மிக அவசரம்' என்றே வருவதால், அனைத்தையும் பேரிடர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பதிவேற்றப் பணிகளிலிருந்து ஆசிரியர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்புகளுக்கும் நன்றி. விடுவிக்கப்பட்ட ஆசிரியர் விவரத்தை எந்தப் படிவத்தில் பதிவேற்றுவது என்று தெளிவுரை வழங்கினால் உதவியாக இருக்கும்.

இவ்வளவு படிவம் ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். வராத ஆசிரியர், இல்லாத மாணவர், எழுதாத கணக்கு எல்லாம் இருந்தன, பிடிக்க வேண்டியவைதான். ஆனால் பொய்க் கணக்கு எழுதப் பழகியவருக்குப் படிவம் நிரப்புவது ஒரு வேலையே இல்லை. திணறுகிறவர் பாடம் நடத்த நினைப்பவர்தான்.

எனவே, கீழ்க்காணும் கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. ஒருமுறை எமிஸில் ஏற்றிய விவரத்தை எந்த அலுவலகமும் மறுபடி பள்ளியிடம் கேட்கக் கூடாது. வேண்டியவர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.
2. குறுவள மையத்துக்கு ஒருவர் வீதம் பதிவேற்றத்துக்கென்றே ஆள் போட்டு, பள்ளி பள்ளியாக அனுப்ப வேண்டும்.
3. சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரை அமர்த்தி, பள்ளி வளர்ச்சித் திட்டத்தையே அவர்கள் கையில் கொடுத்திருக்கின்றன. திட்டம் போடத் தகுதி உள்ளவர்களுக்குத் தாழ்ப்பாள் வாங்கவும் தகுதி உண்டு. மானியத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மொத்தமாக அவர்களிடம் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முன்னால் கணக்குக் கேளுங்கள்.
4. பள்ளி நேரத்தில் வாட்ஸ்அப் செய்தி வேண்டாம்.

பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அறிய மேலிடத்துக்கு முழு உரிமை உண்டு. அதற்கு ஒரு செயலியும் வேண்டாம். ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கவில்லை என்றால் என்மேல் நடவடிக்கை எடுங்கள். வாசித்தால், பாடம் நடத்த என்னை விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
தலைமை ஆசிரியர்.