ரேடியேட்டரின் வாத பித்த கபம்: இலண்டன் தமிழ் வீடுகளை முன்வைத்து ஒரு நோய்நாடல்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் ஆகிய நிலப்பகுதிகளில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் தமிழ் வீடுகளில் எழும் முதல் வினா, "உந்த ஹீட்டிங் ஏன் சூடாகுதில்லை?" என்பதாகும். இரண்டாம் வினா, "உந்த ஹீட்டிங்கை ஆர் கூட்டினது?" என்பதாகும். முன்னது எந்திரவியலின்பாற்படும், பின்னது குடும்பவியலின்பாற்படும். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே மாலையில் எழக்கூடும் என்பதே இவ்வாய்வின் தேவை.

எரிவாயு பாய்லர், அதிலிருந்து புறப்படும் குழாய், சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்கள், இவற்றுள் சுற்றிச் சுற்றி வரும் ஒரே தண்ணீர்: இதுவே ஆய்வுப் பொருள். அம்மம்மாவின் கம்பளிச் சால்வை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது, அது பழுதடைவதில்லை. ஆய்வுமுறை, ரேடியேட்டரின் மேலும் கீழும் கைவைத்துப் பார்த்தல். களப்பணியின்போது எல்லா வீட்டிலும் தேநீரும் வடையும் தரப்பட்டமையால் முடிவுகளில் சற்றுச் சார்பு இருக்கலாம்.

2. முன்னோர் ஆய்வுகள்

உரோமர் தரைக்கு அடியில் சூடான காற்றையும் புகையையும் ஓடவிட்டனர். இங்கிலாந்தின் பாத் நகரில் அந்த அமைப்பின் தூண்களை இன்றும் காணலாம். தீயைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு அடிமைகள் இருந்தமையால், பராமரிப்பு குறித்து உரிமையாளர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1850களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரான்ஸ் சான் கல்லி ரேடியேட்டரை உருவாக்கினார். 1883இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்னும் ஆசிரியர் அறை வெப்பத்தை அறிந்து சொல்லும் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்க்க வேண்டியிருந்தது.

இவர்கள் யாவரும் சூடு எவ்வாறு வரும் என்றே சிந்தித்தனர். வராதபோது வீட்டார் என்ன செய்வர் என்பதை ஆராயாது விட்டனர். அந்த இடைவெளியை நிரப்ப முன்வைக்கும் கருதுகோள்: ரேடியேட்டரின் நோய்கள் வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றத்துள் அடங்கும், அவற்றுள் பல, வீட்டாரின் கைவைத்தியத்தால் முற்றியவை.

3. நாடி

பாய்லரின் முகத்திலோ அடியிலோ ஒரு சிறு முள் உண்டு. அதுவே நாடி. அமைப்பு குளிர்ந்திருக்கையில் முள் 1க்கும் 1.5 பாருக்கும் இடையே நின்றால் நலம். மிகவும் தாழ்ந்தால் பாய்லர் வேலைசெய்ய மறுக்கும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீரைக் கக்கும்.

முள் தாழ்ந்ததும் வீட்டார் செய்வது ஒன்றே. "ஒருக்காத் தண்ணி விட்டுப் பார்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பாய்லருக்குக் கீழே குனிந்து, வெள்ளிப் பின்னல் போட்ட குழாயின் திருகைத் திறப்பார். முள் ஏறும், வீடு சூடாகும், திறந்தவர் ஒரு வாரத்துக்கு எந்திரவியலாளராகக் கருதப்படுவார். அடுத்த வாரமும் முள் தாழும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை தண்ணீர் விடுவது குற்றமன்று. வாரந்தோறும் விடவேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது விரிவுக்கலம் காற்றிழந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் சூடாகி விரியும்போது அதற்கு இடம்கொடுப்பது அந்தக் கலம். அது கெட்டால் சூட்டில் முள் 3ஐ நோக்கிப் பாயும், ஆறியதும் பூச்சியத்தை நோக்கிச் சரியும். புதிதாக விடும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் புதிய பிராணவாயுவைக் கொண்டுவந்து உள்ளிருக்கும் இரும்பைத் துருவாக்கும். இலண்டனின் கடின நீராயின் சுண்ணாம்பையும் சேர்த்துத் தரும். இதனாற் சொல்லியது யாதோ எனின், நோயைத் தணித்த கையே நோயை ஊட்டுகிறது என்பதாம்.

4. வாதம்

மேலே குளிர்ச்சி, கீழே சூடு. வயிற்றில் காற்று. இதற்கு மருந்து பித்தளைச் சாவி ஒன்று. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் வேண்டும்போது எந்த வீட்டிலும் அகப்படாது என்பது களப்பணியில் ஐயமற நிறுவப்பட்டது.

ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, மேல்மூலைத் திருகை இடப்புறமாக அரைச் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பவேண்டும். சீறல் கேட்கும். சீறல் நின்று தண்ணீர் வந்தவுடன் மூடவேண்டும். திருகை முழுவதும் கழற்றினால் நன்றாகக் காற்றுப் போகும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது, கம்பளம் நனையும். துருவினால் உண்டாகும் ஹைட்ரஜனும் அந்தக் காற்றில் இருக்கக்கூடும், அது எரியும். ஆகவே சாமிவிளக்கையும் சிகரெட்டையும் தொலைவில் வைப்பது நன்று. பின்னர் நாடியை மீண்டும் பார்க்க.

5. கபம்

மேலே சூடு, கீழே நடுப்பகுதியில் குளிர்ச்சி. இது கரிய சளி. இரும்பு துருப்பிடித்து மேக்னடைட் என்னும் கருஞ்சேறாகிப் படிந்தது. சாவிக்கு இது அடங்காது. அமைப்பைக் கழுவிச் சுத்தம் செய்து, துருத்தடுப்பு மருந்தை நீரில் கலந்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தவேண்டும். வடிகட்டியைத் திறந்து காட்டும்போது வெளிவரும் கருமையைக் கண்ட பின்னரே பல வீட்டாருக்கு வாராந்தரத் தண்ணீர் வைத்தியத்தில் நம்பிக்கை குறைகிறது.

கபத்தின் இன்னொரு வகை தொண்டைக்கட்டு. 2005 முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலிருக்கும் நீராவியையும் குளிர்வித்துச் சூட்டை மீட்கும் வகையின. அந்த நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். கடும்பனியில் அக்குழாய் உறைந்தால் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிடும். வெளியே சென்று குழாயின்மேல் இளஞ்சூட்டு நீர் ஊற்றவேண்டும். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கும், ஊற்றுபவர் கையும் புண்படும்.

6. பித்தம்

தெர்மோஸ்டாட்டை 30இல் வைத்தால் வீடு விரைந்து சூடாகும் என்பது பரவலான நம்பிக்கை. சாதாரணத் தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச் மட்டுமே. 20இல் வைத்தாலும் 30இல் வைத்தாலும் பாய்லர் அதே வேகத்தில்தான் எரியும். 30இல் வைத்தவர் அதை அணைக்க மறப்பார் என்பதே வேறுபாடு. ரேடியேட்டர் வால்வுகளுக்கும் இவ்விதி ஒக்கும். "எல்லாத்தையும் அஞ்சிலை வை" என்னும் ஆணை, படுக்கையறை ஜன்னலைத் திறக்கும் மரபுக்கு வித்திடுகிறது.

பாய்லரிலிருந்து புறப்படும் நீரின் வெப்பத்தை 80இலேயே விட்டுவிடுவதும் பித்தமே. திரும்பிவரும் நீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நீராவி குளிர்ந்து நீராகும். தனித் தண்ணீர்த் தொட்டி இல்லாத கோம்பி பாய்லராயின் புறப்படும் நீரை 60க்குக் குறைத்தால் எரிவாயுச் செலவு குறையும். தெர்மோஸ்டாட்டை யார் தொட்டார் என்ற குடும்பவியல் வினாவோடு ஒப்பிடுகையில், இந்த வெப்பத்தைக் குறைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று கேட்பவர் மிக அரியர். பாய்லரைவிட்டு மிகத் தொலைவிலுள்ள அறை மட்டும் குளிர்ந்தால், அருகிலுள்ள ரேடியேட்டர்களின் மறுமுனை வால்வுகளைச் சற்றே இறுக்கிச் சமன்செய்க. ஈரத்துணியை ரேடியேட்டர்மேல் காயப்போடுவது பித்தத்தையும் கபத்தையும் சேர்த்து வளர்க்கும்: சூடு அறைக்கு வராது, சுவரில் பூஞ்சை வரும்.

7. யார் மருத்துவர்

சாவி திருப்புதல், நாடி பார்த்தல், எண்ணைக் குறைத்தல் ஆகியன வீட்டார்க்கு உரியன. பாய்லரின் மூடியைத் திறத்தல் உரியதன்று. பிரிட்டனில் எரிவாயு வேலை செய்வோர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பது சட்டம். 2009இல் அது கோர்ஜி என்னும் பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்தது. ஊரில் எஞ்சினியரிங் படித்த பெரியப்பா அப்பதிவேட்டில் இல்லையெனில் அவருக்கும் தேநீரோடு நிறுத்திக்கொள்ளலாம். வாடகை வீடாயின் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்விப்பது வீட்டுக்காரரின் கடமை.

இங்கே மட்டும் இவ்வாய்வு வேடிக்கையை விடுகிறது. சரியாக எரியாத பாய்லர் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது தடிமனல்ல. வெளியேறி உதவி கேட்கவேண்டும். அலாரம் ஒன்று பொருத்தியிருக்கவேண்டும்.

8. முடிவு

ஏப்ரலில் அணைத்த பாய்லர் அக்டோபரில் நோயோடு விழிக்கிறது. பம்ப் இறுகிப்போகிறது, வால்வு முள் ஒட்டிக்கொள்கிறது. அப்போது ஊரிலுள்ள எல்லா வீட்டாரும் ஒரே நாளில் ஒரே மருத்துவரைத் தேடுகின்றனர். ஆகவே பரிந்துரை இரண்டு. கோடையிலும் அவ்வப்போது கால்மணி நேரம் ஹீட்டிங்கை ஓடவிடுங்கள். வருடாந்தரச் சேவைக்கு ஆகஸ்ட் மாதத்திலேயே, நல்லூர்க் கோயில் திருவிழாச் செய்தி வந்து வெயில் கொளுத்தும்போதே, ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள்.