லைன் மாமா

லேண்ட்லைன் கோலோச்சிய நாளில் தெருவுக்கு ஒரு லைன் மாமா இருந்தார். ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். டெலிபோன் இலாகாவாக மட்டும் இருக்காது. சட்டைப் பையில் டெஸ்டர், விரலில் மோதிரம் மாதிரி இன்சுலேஷன் டேப். 'பேசறது கிணத்துக்குள்ளேர்ந்து கேக்கறது' என்று யாராவது வாசலில் அலுத்துக்கொண்டால் போதும், கூப்பிடாமலே உள்ளே வந்துவிடுவார்.

"கொரகொரங்கறதா, ஊய்ங்கறதா மாமி?"

கேள்வி அபத்தமில்லை. கொரகொரப்பு என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு முறுக்கு தளர்ந்திருக்கும், இல்லை செம்பில் பச்சை பூத்திருக்கும். விடாத ஊய் என்றால் இரண்டு கம்பிகளில் ஒன்று ஈரச் சுவரைத் தொட்டு எர்த் ஆகியிருக்கலாம். பக்கத்து வீட்டுச் சம்பந்திச் சண்டை கேட்டால் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும். இந்தக் கடைசிக் கோளாறுக்காக மட்டும் யாரும் புகார் எண் 198-க்குப் போன் செய்ததில்லை.

சில சமயம் ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவார். பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் பழைய கறுப்பு போனின் மைக்கில் இருந்தது கரித்துகள். நாள்பட்டால் கட்டிதட்டிக் குரல் மெலியும், தட்டினால் உதிர்ந்து தேறும். பட்டன் போன் வந்து கரித்துகள் காணாமல் போன பிறகும் மாமா தட்டுவதை விடவில்லை என்பதுதான் சங்கடம்.

அடுத்தது ரோசட், அதாவது லைன் வந்து சேரும் சுவர்ப் பெட்டி. மூடியைத் திருகிக் கழற்றி, டெஸ்டரை வைப்பார். விளக்கு எரியாது. எக்ஸ்சேஞ்ச் பாட்டரியிலிருந்து வருவது 48 வோல்ட் டி.சி.; டெஸ்டரின் நியான் விளக்குக்கு அது பற்றாது. "லைன் டெட்" என்று அறிவித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கம்பிகளையும் விரலால் பிடிப்பார். மணியடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதோ 75 வோல்ட் ஏ.சி. மாமியின் பம்பாய் நாத்தனார் சரியாக அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். மாமா ஓரடி பின்னால் துள்ளி, கையை உதறிக்கொண்டே சொல்வார்: "உசிர் இருக்கு."

அவர் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "கோளாறு வெளியில. டி.பி. பாக்ஸைத் திறந்தாத்தான் ஆச்சு." அது கம்பத்தின் மேல் இருக்கும். லைன்மேன் வரும் வரை மாமா அதை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்.

லைன்மேன் வந்து பார்த்தால் கதை வேறு. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் இரண்டு, பூஜையறையில் ஒன்று என்று ஒரே லைனில் பாரலலாக ஐந்து போன்கள். மணிக்கு வரும் மின்சாரம் ஐந்தாகப் பிரிந்தால் எது உரக்க அடிக்கும்? இழுத்துக் கொடுத்தவர் யார் என்று லைன்மேன் கேட்பார். மாமா தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

இப்போது பல வீடுகளில் ஃபைபர். கண்ணாடி இழையில் விரல் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதோடு மாமாவின் வைத்தியம் முடிந்துவிடுகிறது.

இன்னும் செம்புக் கம்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலுள்ள எல்லாப் போனையும் கழற்றிவிட்டு, நல்ல போன் ஒன்றை மட்டும் முதல் ரோசட்டில் மாட்டிப் பாருங்கள். சத்தம் தெளிந்தால் கோளாறு உங்கள் வீட்டு ஒயரிலோ கழற்றி வைத்த போனிலோ, தெளியாவிட்டால் வெளியே. எதுவானாலும் வாசலில் நின்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.