மேலே பெயர் எழுதவும்

வேலையில் சலிப்பா? குறை வேலையில் இல்லை, உங்கள் பார்வையில்தான் என்று சொல்வதற்கே இப்போது நிறுவனங்கள் ஆள் வைத்திருக்கின்றன. சனிக்கிழமை விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு, பயிலரங்கு என்று ஏசி அறையில் உட்காரவைத்து, கையில் ஒரு தாளும் தருவார்கள்: ‘இந்த வேலையில் எது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது?’ மேலே பெயரை எழுதிவிட்டு, கீழே மனந்திறந்து எழுத வேண்டுமாம். பக்கத்து நாற்காலியில் மேலாளர். எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவது ‘சவால்கள்’ என்று தெரியவரும். ‘ஒன்றாம் தேதி’ என்று எழுதும் தைரியசாலி இன்னும் பிறக்கவில்லை.

பார்வை மாறினால் வேலையும் மாறும் என்பதற்கு ஆராய்ச்சி உண்டு, நல்ல ஆராய்ச்சிதான். ஏமி ரெஸ்நெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். யாரும் சொல்லாமலே நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள். செவிலியரின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதபடி தம் வேலையை அமைத்துக்கொண்டார்கள். படித்தால் கைகூப்பத் தோன்றும். நிர்வாகிகளுக்குத் தோன்றியதோ வேறு: அர்த்தம் கிடைத்துவிட்டதே, இன்கிரிமெண்ட் எதற்கு?

அந்தப் பணியாளர்கள் வேலையைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள் என்ற பாதி பயிலரங்கில் வராது. பாத்ரூம் போகவே அனுமதி கேட்கும் இடத்தில் எப்படி வரும்?

தன்னாய்வு செய்யுங்கள், நல்லதுதான். அந்தத் தாளை மட்டும் வீட்டில் வைத்து எழுதுங்கள், மேலாளரிடம் கொடுத்துவிடாதீர்கள்.