இரட்டைக் குழந்தை வீட்டுப் புறத்திணை: ஒரு முதற்கட்ட ஆய்வு

போரைத் தொல்காப்பியர் ஏழு திணைகளாகப் பகுத்தார். பின்னால் வந்த ஐயனாரிதனார் அது போதாதென்று புறப்பொருள் வெண்பாமாலையில் பன்னிரண்டாக விரித்தார். ஆநிரை கவர்வது, மண் கவர்வது, மதிலை வளைப்பது என்று ஊருக்கு வெளியே நடப்பதையெல்லாம் இருவரும் விளக்கினார்கள். ஆனால் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை வீட்டுக்குள், இரண்டு வயது நிரம்பாத இருவருக்கிடையே, பால்காரர் மணியடிக்கும்போது தொடங்கிவிடும் போரைப் பற்றி ஒரு நூற்பாவும் செய்யவில்லை. தமிழிலக்கணத்தின் இந்தப் பெருங்குறையை நீக்க ஒருவர் முன்வர வேண்டியிருந்தது.

ஆய்வுக் களம், மதுரையில் ஒரு மாடி வீடு. ஆய்வுக்கு உட்பட்டோர் ஓர் ஆண், ஒரு பெண். முதலில் பிறந்தவனை முன்னவன் என்றும், சில நிமிடம் கழித்து வந்தவளைப் பின்னவள் என்றும் இங்கே குறிக்கிறேன். ஆய்வாளர் அவர்களுடைய தாய். ஆகவே நடுநிலை இராது என்று யாரேனும் தடை எழுப்பினால் அதற்கு விடை: இந்தக் களத்தில் நடுவில் நின்ற எல்லோரும் கடி வாங்கியிருக்கிறார்கள்.

முன்னோர் ஆய்வுகளை ஒரு கண் பார்த்துவிடுவது மரபு. இரட்டையரை வைத்து ஆராய்ச்சி செய்யலாம் என்று உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். இரட்டையர் பிறந்த குடும்பங்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களைக் கொண்டு 1875-இல் கட்டுரை வெளியிட்டார். பிறவிக் குணம் பெரிதா, வளர்ப்பு பெரிதா என்பது அவர் கவலை. அவருக்குப் பிள்ளைகளே கிடையாது. கேள்வித்தாள், உறை, தபால்தலை எல்லாம் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்திருக்கும். அந்த ஆராய்ச்சி எப்படி முடிவடைந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் சிறுபிள்ளைகளின் விளையாட்டை ஆறு வகையாக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுவது, கூடி ஆடுவது என்பவையெல்லாம் களத்தோடு பொருந்துகின்றன. ‘சும்மா இருத்தல்’, ‘வேடிக்கை பார்த்தல்’ என்று அவர் சொல்லும் இரண்டு வகைகளுக்கு மட்டும் குழந்தைகளில் எவரும் சிக்கவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் சோபாவில் காணப்படும் என் வீட்டுக்காரரை அந்த இரண்டிலும் சேர்த்திருக்கிறேன்.

கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்றொரு ஊர். அங்கே இரட்டைப் பிள்ளைகள் வழக்கத்துக்கு மீறிப் பிறக்கிறார்கள். காரணம் தேடிப் போனவர்கள் ஊராரிடம் எச்சில் மாதிரி சேகரித்தார்கள். காரணம் இன்னும் பிடிபடவில்லை. எச்சில்தான் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டைப் பார்சலில் அனுப்பத் தயார்.

இருவரில் யார் மூத்தவர் என்பதிலேயே கட்சி இரண்டு. மருத்துவமனைச் சீட்டு முன்னவன் பக்கம். என் அம்மா பின்னவள் பக்கம். “முதல்ல உள்ள போய் உக்காந்தவதாண்டி கடைசியா எறங்குவா. நீ பஸ்ல பாத்ததில்லையா?” மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களும் அம்மா கட்சிதான். இரட்டையரில் முதலில் பிறப்பது தாயிவோ, அடுத்தது கெஹிந்தே. உலகம் எப்படி இருக்கிறதென்று சுவைத்துப் பார்த்துச் சொல்லத் தாயிவோவை முன்னால் அனுப்பி வைத்த கெஹிந்தேயே அவர்கள் கணக்கில் மூத்தவர். யொரூபாக்காரர் எவருடனும் அம்மாவுக்குப் பழக்கம் கிடையாது. சுவைத்துப் பார்க்கும் பணியை மட்டும் முன்னவன் இன்றுவரை விடவில்லை. செருப்பு, சுவர், சாக்பீஸ் ஆகியவை குறித்த அவனது அறிக்கைகள் நிறைவடைந்துவிட்டன.

இனி நூலுக்குள் போகலாம். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. வீட்டில் ஆநிரை எது என்று முதலில் வரையறுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கி வந்த கார், கரடி, அடுக்குக் கட்டை எதுவும் ஆநிரை ஆகாது. அவை கூடையில் கிடக்கும் வெறும் பிளாஸ்டிக். குக்கர் வெயிட், விளக்கமாறு, சார்ஜர் வயர், அம்மாச்சியின் கண்ணாடிக் கூடு, காலி ஷாம்பு பாட்டில் ஆகியவையே கவரத் தக்கவை. இவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அடுத்தவர் கையில் இருக்க வேண்டும். தரையில் காலையிலிருந்து கிடக்கும் குக்கர் வெயிட்டை எவரும் சீந்துவதில்லை. பின்னவள் குனிந்து அதை எடுத்த நொடியிலிருந்து முன்னவனால் அது இல்லாமல் வாழ முடியாது.

“எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கிட வேண்டியதுதானே” என்பது ஊர் சொல்லும் பரிகாரம். சோதித்துப் பார்த்தேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த, சிவப்பு மூடி போட்ட தண்ணீர் பாட்டில் இரண்டு. கையில் கொடுத்ததும் எவரும் தம் பாட்டிலைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்ததைப் பார்த்தார்கள். பின்னவள் தன்னுடையதைக் கீழே போட்டுவிட்டு முன்னவனுடையதைப் பறித்தாள். கீழே கிடந்ததை அவன் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். எடுக்கவும் செய்தான். எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பறிபோனதற்காக அழுதான். இரண்டையும் வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றிக் கலந்து நீட்டினேன். இப்போது எது எவருடையது என்று எனக்கே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டு, அடுத்தவர் கையிலிருப்பதே தன்னுடையது என்று இருவரும் ஒரே குரலில் அறிவித்தார்கள். ஒரே மாதிரி இரண்டு பொருள் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. பொருள் எப்போதும் ஒன்றுதான். அது எதிராளி கையில் இருக்கிறது.

பறிபோன நிரையை மீட்பது கரந்தை. இதைத் தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டார். ஐயனாரிதனார் தனித்திணையாகப் பிரித்தார். எது சரி என்று புலவர்கள் வாதாடியிருக்கிறார்கள். களத்தில் கண்டதை வைத்துச் சொன்னால் தொல்காப்பியர் பக்கமே நியாயம். விளக்கமாற்றை முதலில் எடுத்தவர் யார், பறித்தவர் யார் என்று பின்னோக்கிப் போனால் விசாரணை பொழுது விடிந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. அதைவிட முக்கியம், கேட்டால் இருவருமே மீட்பவர்கள். “என்னோது” என்று சொல்லித்தான் இழுக்கிறார்கள். உன்னுடையதைத் தா என்று கேட்டு எவரும் இழுத்ததில்லை. வீட்டில் கரந்தை சூடியவர் இருவர், வெட்சி சூடியவர் ஒருவருமில்லை. வெளியுலகப் போர்களையும் இந்தக் கண்ணால் ஒருமுறை பார்ப்பது பயன் தரும். ஆனால் அது என் துறை அன்று.

மண்ணாசையால் மேற்செல்லும் வஞ்சி இங்கே மடியாசை. என் மடியின் இடத் தொடை ஒருவருக்கு, வலத் தொடை ஒருவருக்கு என்று எல்லை வகுத்தாகிவிட்டது. எல்லைக்கோடு புடவை மடிப்பை ஒட்டிப் போவதால் நான் அசையும்போதெல்லாம் நில அளவை மறுபடி தொடங்குகிறது. நேருக்கு நேர் பொருதும் தும்பைக்கு ஆயுதம் பல். பால்பற்கள் தலைக்கு 20 என்பதால் எல்லாம் முளைத்து முடிந்ததும் எதிர்ப்படை வலிமை 40. என்னிடம் இருப்பது, ஞானப்பல்லையும் சேர்த்து, 32. எண்ணிக்கையில் தாழ்ந்த படை வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

மதிலை வளைப்பது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. எங்கள் வீட்டில் மதில் ஒன்றுதான், குளியலறைக் கதவு. நொச்சி வேந்தர் நான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட ஓசை முரசாக ஒலிக்க, எங்கிருந்தோ நாலு கால்கள் ஓடி வரும். பின்னவள் உதைப்பாள். முன்னவன் தரையோடு தரையாகப் படுத்து ஒற்றைக் கண்ணைக் கதவிடுக்கில் வைத்து, “அம்மா காலு” என்று வெளியே செய்தி அறிவிப்பான். நான் பேசாமல் இருந்தால் அழுகை. “இதோ வந்துட்டேன்டா” என்று குரல் கொடுத்தால் அழுகை இரட்டிக்கும். முற்றுகை என்றால் உள்ளே தானியம் போகாமல் தடுப்பதுதான் உலக வழக்கம். இங்கே முற்றுகையிட்ட படையே கதவிடுக்கு வழியாக உணவு அனுப்புகிறது. கடித்த முறுக்கு, சீப்பு, ஈபி அட்டை, ஒரு கால் சாக்ஸ் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். கோட்டை பட்டினியால் விழுந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருக்கும் அக்கறை எந்த வேந்தனுக்கும் இருந்ததில்லை.

பின்னர் பின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வெளித்தாழ்ப்பாளைப் போடக் கற்றுக்கொண்டாள். வளைத்தவரே கோட்டையை வெளியே பூட்டிவிட்டுப் போகும் துறை ஒன்றைத் தொல்காப்பியர் சொல்லவில்லை. பின்னால் வந்த உரையாசிரியர்களுக்கும் தோன்றவில்லை. பூட்டிய பிறகு கூச்சல் நின்றது. இரட்டைப் பிள்ளை வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் இருந்தால் அதற்குப் பொருள் இரண்டு: தூக்கம், அல்லது உடன்படிக்கை.

இங்கே இரட்டைப் புலவர்களை நினைத்துக்கொண்டேன். இளஞ்சூரியர், முதுசூரியர் இருவரும் உண்மையில் இரட்டையரே அல்லர். அத்தை மகனும் அம்மான் மகனும். ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் போவார்கள், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடிப்பார் என்பது மரபு. அதே முறையில்தான் அடுக்களையில் ஒரு படைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. முன்னவன் கேழ்வரகு மாவு டப்பாவின் மூடியைத் தொடங்கி வைக்க, பின்னவள் மாவை முடித்து வைத்தாள். மொட்டை மாடியிலிருந்து வடகத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்த அம்மா எனக்குக் கதவைத் திறந்துவிட்டபோது இருவரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். ஆண், பெண் என்று தெரிந்த பிறகும் “ரெண்டும் அச்சா ஒண்ணு போல இருக்கணுமே, ஏன் இல்லை?” என்று கேட்கும் எதிர்வீட்டுக்காரரை அப்போது கூப்பிட்டிருக்கலாம்.

இதிலிருந்து கிடைத்த துணிபை மூன்றாங்கை விதி என்று அழைக்கிறேன். பொருள் மூன்றாம் ஆளின் கையில் இருக்கும்வரை இருவரும் ஒரே படை. சண்டை முற்றும் நேரங்களில் நான் குக்கர் வெயிட்டைக் கையில் உருட்டிக்கொண்டு கூடத்தின் நடுவே உலாவுவது இந்த விதியின்படிதான். பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

காஞ்சி என்பது தொல்காப்பியர் கணக்கில் நிலையாமை. மடித்து வைத்த துணி, கூட்டிய தரை, பகல் தூக்கம் ஆகியவை அதன் துறைகள். இந்த வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் பிள்ளைகளிடம் அந்த அளவில் குறையே இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும் என்று மட்டும் எவரும் சீட்டில் எழுதித் தருவதில்லை. வீடு கட்டியவரும் தொட்டில் கட்ட அறைக்கு ஒரே ஒரு கொக்கிதான் வைத்திருக்கிறார்.

பாடாண் திணை, விருந்தினர் வரும்போது மட்டும் நிகழ்வது. அவர்கள் முன்னால் இருவரும் கைகட்டாத குறையாக உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் “எவ்வளவு சமத்து!” என்று பாடிவிட்டு, பிற்காலத்தில் பெரிய ஆளாக வருவார்கள் என்று வாழ்த்தும் சொல்வார்கள். அதற்குச் சான்று இருக்கிறது. 1887-இல் பிறந்த ஆர்க்காடு இரட்டையரில் லட்சுமணசாமி முதலியார் பிரசவ மருத்துவத்தில் பாடநூல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இருபத்தேழு ஆண்டு துணைவேந்தராக இருந்தார். ராமசாமி முதலியார் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவரானார். கூடப் பிறந்தவரிடம் பேசிப் பேசியே பொருளை மீட்டுப் பழகியவருக்கு நாடுகளுக்கு நடுவே உட்காருவது பெரிய வேலையாகத் தோன்றியிராது என்பது என் ஊகம்.

கடைசியாகப் பிள்ளைத்தமிழ். பாட்டுடைத் தலைவர் ஒருவர்தான் என்ற எண்ணத்தில் அமைந்த இலக்கியம் அது. சிற்றில் பருவத்தில், மணல் வீடு கட்டிய சிறுமியர் அதைச் சிதைக்காதே என்று ஆண்பிள்ளையிடம் கெஞ்சுவார்கள். எங்கள் களத்தில் கட்டுகிறவன் முன்னவன், இடிக்கிறவள் பின்னவள், கெஞ்சுகிறவள் நான். அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு வழியையும் கையாள்வார்கள். அவற்றைப் பருப்புச் சோறு ஊட்ட நான் பயன்படுத்துகிறேன். நல்ல வார்த்தையும் அப்பளமும் ஆரம்பத்தில் பலிக்கும். பூச்சாண்டி வந்தால் இருவரும் அவரோடு விளையாடக் கேட்கிறார்கள். பேதம்தான் அடியோடு தோற்றது. “அவன் சாப்பிட்டுட்டான் பாரு, நீ?” என்றேன் ஒருநாள். சமன் செய்யும் பொருட்டு அவன் துப்பிவிட்டான்.

ஆகவே மொட்டை மாடிக்குப் போய் நிலாவையே காட்டினோம். இரண்டாக வாங்க முடியாத ஒரே பொருள். “என் நிலா” என்றான் முன்னவன். “என் நிலா” என்று அவன் வாயைப் பொத்தினாள் பின்னவள். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். இரண்டு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி ஆளுக்கொரு நிலா பிடித்துக் கொடுத்தாள். இருவரும் ஒரு நொடி தம் தட்டைப் பார்த்தார்கள்; பிறகு அடுத்த தட்டை. சண்டை தொடங்கும் முன் இருவர் பார்வையும் ஒன்றாகத் திரும்பியது. சுவரோரம் உட்கார்ந்து அம்மா அப்போதுதான் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். நாலு கைகள் பாய்ந்தன.

“ஏய், விடுங்க, இது என்னோது!” என்று கத்தினாள் அறுபது வயதைக் கடந்த என் அம்மா, டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இழுத்தபடி.

கரந்தை வென்றது. மீட்ட டம்ளரில் காபி பாதி இருந்தது.