சம வாய்ப்பு எந்தப் பக்கம்?

கேள்வி: கம்பெனிகள் ஆண்டறிக்கையில் 'சம வாய்ப்பு' என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றனவே... ஷிப்ட் பஸ் ஏறும் எங்கள் ஊர்ப் பெண்கள் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?
(வாசகி, ஆரம்பாக்கம்)

பதில்: அட்டைப்படத்தில்!

உள்ளே தேடினால், 'நிரந்தரமல்லாத தொழிலாளர்' என்ற வரியில். அதுவும் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால்தான். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகள் ஆண், பெண் தலைக்கணக்கையும் சம்பளத்தையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பட்டியலிடப்படாத கம்பெனிக்கு, அது எவ்வளவு பெரிய வெளிநாட்டுப் பெயரானாலும், இந்தக் கட்டாயம் கிடையாது. எண்ணை எழுதிவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா என்பார்கள். வராதுதான். ஆனால் எழுதாத இடத்தில் சண்டை போடக்கூட ஆதாரம் இருக்காது. உங்கள் பழவேற்காடு ஏரியையே பாருங்கள்: பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். ஆனால் அதே ஏரியில் 'பாடு' முறையில் மீன்பிடி இடத்துக்குச் சீட்டுப் போடும்போது பெண் பெயரே கிடையாது. உழைப்பு இருக்கிறது, கணக்கில் இல்லை. (இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, ஊர்க் கட்டுப்பாடு!) நிரந்தரப் பணியில் பெண்கள் எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை? அடுத்த அறிக்கை கைக்கு வந்தால் இந்த இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.