வடைக்குப் பின் மாரடைப்பு

சென்னை சபா ரசிகரின் பக்குவம் யாருக்கு வரும்! மூன்று மணி நேரக் குடும்ப நாடகம். மேடை மாமியார் மருமகளைத் துரத்துகிறார். முன்வரிசை மாமி "அப்படிப் போடு" என்கிறார். பக்கத்தில் சொந்த மருமகள், செல்போனுக்குள் சிரித்தபடி.

பாலசந்தர், மௌலி, விசு எல்லாம் சபா மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனார்கள். ரசிகர்கள் கேன்டீனுக்குப் போனார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்துச் சாயும்போது கீரை வடை வாசனை வந்துவிட்டால், பாதி அரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துவிடுகிறது. மாரடைப்பை வடைக்குப் பின் வைப்பதே நாடக இலக்கணம்.

முதியோர் இல்லக் காட்சிக்குத்தான் பலத்த கைதட்டல். விம்மி விம்மித் தட்டிய மகன் அம்மா பக்கம் திரும்பினார்: "கூட்டம் கிளம்பறதுக்குள்ள வண்டிய எடுத்துடறேன். நீ ஆட்டோ பிடிச்சு வந்துடும்மா."

அம்மா மறுக்கவில்லை. கையில் இன்னும் இரண்டு கேன்டீன் டோக்கன் இருந்தது.